சிட்டிகையும் சீசாவும்

2013 செப்டம்பர் 9ஆம் தேதி ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஒரு தகவல் வந்தது. கடுமையான கல்லீரல் அழற்சியோடு ஏழு பேர் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துகொண்டிருக்கிறது. காரணம் பிடிபடவில்லை. வழக்கமாகத் தேடும் இடங்களில் தேடிக் களைத்த மருத்துவர்களுக்கு, ஏழு பேரிடமும் பொதுவாக இருந்த ஒரே ஒரு பொருள் கண்ணில் பட்டது. உடல் கொழுப்பைக் கரைப்பதற்கென்று விற்கப்பட்ட 'ஆக்சிஎலைட் ப்ரோ' என்ற மாத்திரைதான் அது.

துறை விசாரிக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை 29 ஆனது. அவர்களின் இடைநிலை வயது 33. பசி போனது, சிறுநீர் கறுத்தது, மலம் வெளுத்தது, கண் மஞ்சளித்தது என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னார்கள். 29 பேரில் 24 பேர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். இருவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டியிருந்தது. ஒருவர் இறந்துபோனார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு விவரம். அந்த மாத்திரையின் சேர்மானத்தை அந்த ஆண்டுதான் மாற்றியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பொருளின் பெயர் ஏஜெலின். ஏகிள் மார்மெலோஸ் என்ற தாவரவியல் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஏகிள் மார்மெலோஸ் என்பது நம் வில்வம். சிவன் கோயில் அர்ச்சனைத் தட்டில் கிடக்கும் அந்த மூன்று இலைதான்.

ஆனால் அந்த மாத்திரைக்குள் இலை எதுவும் இல்லை. வில்வ இலையில் இயற்கையாக இருக்கும் ஒரு மூலக்கூறை ஆலையில் செயற்கையாகத் தயாரித்து அடைத்திருந்தார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரித்த பிறகு, நவம்பரில் நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றது. அந்த மாத்திரையிலிருந்த எந்தப் பொருள் கல்லீரலைக் கெடுத்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னமும் ஒருமித்த முடிவு இல்லை. வில்வத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாராலும் முடியாது, ஏற்றவும் கூடாது. ஆனாலும் வில்வம் என்ற பெயருக்கு நாம் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்துவைத்திருக்கும் நம்பிக்கை, வில்வமே இல்லாத ஒரு மாத்திரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்று அறியப்பட்ட ஆறு மூலிகைப் பொருள்களை எடுத்துக்கொண்டது. கடந்த 30 நாளில் அவற்றில் ஒன்றையாவது மாத்திரையாகவோ பொடியாகவோ எடுத்துக்கொண்ட பெரியவர்கள் அந்த நாட்டில் 1 கோடியே 56 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அது மதிப்பிட்டது. க்ரீன் டீ சாறு, சிவப்பு ஈஸ்ட் அரிசி, பிளாக் கோஹோஷ் என்ற வட அமெரிக்க மூலிகை ஆகிய மூன்றும் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாதவை. மற்ற மூன்றையும் நம் வீட்டுக் குழந்தையிடம் காட்டினால்கூடப் பெயர் சொல்லும். குடம்புளி, அமுக்கரா, மஞ்சள். ஆறிலும் அதிகம் பேர் சாப்பிட்டது மஞ்சளைத்தான்.

*

கோபிசெட்டிபாளையம் பக்கம் என் அத்தை வீடு. மாமா இருந்த காலத்தில் மூன்று ஏக்கரில் மஞ்சள் போடுவார்கள். வெட்டியெடுத்த கிழங்கைக் கொப்பரையில் வேகவைத்து, களத்தில் காயவைத்து, மெருகேற்றி, விரலி தனி கிழங்கு தனியாகப் பிரித்து ஈரோட்டு மண்டிக்கு அனுப்புவார்கள். வேகும் மஞ்சளின் மண்வாசனை அந்த வீட்டுச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. அத்தையின் கைரேகைகளுக்குள் மஞ்சள் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாமல் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, அமெரிக்காவிலிருந்து ஒரு சீசா மஞ்சள் வந்தது. அத்தைக்கு முழங்கால் வலி. மகன் அனுப்பிவைத்திருந்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்று மாதம் கழித்து அத்தைக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. "மூத்திரம் வரக்காப்பியாட்டப் போகுது கண்ணு" என்று போனில் சொன்னபோதுதான் எனக்குக் கலக்கம் வந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது கண் வெள்ளை முழுக்க மஞ்சள். எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு இரத்தத்தில் 40க்குள் இருக்க வேண்டியது 1,100ஐத் தாண்டியிருந்தது. அதற்குள் உள்ளூரில் ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். தண்ணீரால் வந்த காமாலையாக இருக்கும், ஓய்வெடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார். பிரஷர் மாத்திரை ஒன்றுதான் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

அலமாரியில் அந்தச் சீசாவைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதை எப்ப இருந்துங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"அது மாத்திரையா கண்ணு? மஞ்சள்தான. மஞ்சள்ல என்ன கெடுதல் வரும்? ஈரலுக்கு நல்லதுன்னுதான சொல்றாங்க, அதான் காமாலை வந்தப்பறமும் விடாம சாப்பிடறேன்."

அத்தை பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது மருந்தே இல்லை. உலகம் முழுக்க இப்படிப்பட்ட மாத்திரைகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு இந்தப் பதிலும் ஒரு காரணம்.

சீசாவின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒரு மாத்திரையில் மஞ்சள் சாறு 500 மி.கி. அதில் குர்குமினாய்டுகள் 95 சதவீதம். கூடவே 5 மி.கி. பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் தூளில் குர்குமின் வகைச் சத்து தோராயமாக 3 சதவீதம்தான் இருக்கும். மாத்திரை ஒன்றில் 475 மி.கி. இருக்கிறது என்றால், அதைத் தூளாகத் தின்ன ஏறக்குறைய 16 கிராம் வேண்டும். தலைதட்டிய ஐந்து தேக்கரண்டி. ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரைக்குப் பத்துத் தேக்கரண்டி. வீட்டில் நாலு பேருக்கு வைக்கும் சாம்பாரில் கால் தேக்கரண்டி போட்டாலே தாராளம். பத்துத் தேக்கரண்டி போட்ட குழம்பை எந்த வீட்டில் சாப்பிட முடியும்? முதல் வாயிலேயே கசந்து நாக்கு தடுத்துவிடும். மாத்திரையின் ஜெலட்டின் உறை அந்த நாக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. நம் சமையலில் மஞ்சள் பல நூற்றாண்டுகளாகத் தீங்கில்லாமல் புழங்கியிருக்கிறது என்பது முழு உண்மை. அந்த அனுபவம் சிட்டிகைக்குக் கிடைத்த சான்றிதழ். சீசாவுக்கு அது செல்லாது.

அந்த 5 மி.கி. பைப்பரினைப் பற்றியும் சொல்ல வேண்டும். குர்குமினை வாயால் சாப்பிட்டால் இரத்தத்தில் அது ஏறுவது மிகச் சொற்பம். குடலும் கல்லீரலும் அதை உடனுக்குடன் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் கிடைத்த குர்குமினின் அளவு 2,000 சதவீதம் கூடியது. அதன்பின் உலகெங்கும் மஞ்சள் மாத்திரையோடு மிளகுச் சாறும் சேர்ந்து வரத் தொடங்கியது. 'பன்மடங்கு உட்கிரகிப்பு' என்று லேபிளில் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள்.

ரசத்திலும் மிளகும் மஞ்சளும் சேர்ந்துதானே கொதிக்கின்றன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சொல்லப்போனால் ஒரு கிண்ணம் மிளகு ரசத்தில் பைப்பரினுக்குக் குறைவே இல்லை, அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஆனால் திறந்துவிடப்பட்ட அந்தக் கதவின் வழியே நுழைவதற்கு அங்கே குர்குமின் சில மில்லிகிராம்தான் நிற்கிறது.

*

பைப்பரின் கதவைத் திறக்கிறது என்றேன். அது எந்தக் கதவு என்று பார்க்கக் கல்லீரலுக்குள் போக வேண்டும்.

வலது விலா எலும்புகளுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில், உடலின் மிகப் பெரிய உள்ளுறுப்பாகக் கல்லீரல் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் இரத்தம் அதன் வழியாகப் போகிறது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்து நேராக வரும் போர்ட்டல் சிரை இரத்தம். நாம் விழுங்கியவற்றில் பெரும்பாலானவை இதயத்தையோ மூளையையோ பார்ப்பதற்கு முன் கல்லீரலைப் பார்த்துவிட்டுத்தான் போகின்றன. ஊருக்குள் வரும் ஒவ்வொருவரையும் எல்லையிலேயே நிறுத்தி விசாரிக்கும் காவல் அது. ஆபத்தான ஆள் வந்தால் முதல் அடியை வாங்குவதும் அதுதான்.

செடிகளின் வேதிப்பொருள்கள் பலவும் எண்ணெயில் கரைபவை. அவற்றை அப்படியே சிறுநீரில் தள்ள முடியாது. அதனால் கல்லீரல் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில், சைட்டோகுரோம் என்ற நொதிக் குடும்பம் வழவழப்பான மூலக்கூறில் ஒரு கைப்பிடியைப் பொருத்துகிறது. இரண்டாம் கட்டத்தில், வேறு நொதிகள் அந்தக் கைப்பிடியில் நீரில் கரையும் ஒரு பொருளைக் கட்டிவிடுகின்றன. குளுக்குரோனிக் அமிலம், குளுட்டாதயோன் போன்றவை அப்படிக் கட்டப்படுபவை. கட்டு போட்டதும் பொருள் பித்தநீரிலோ சிறுநீரிலோ போய்விடும்.

ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கைப்பிடி வைத்தாகிவிட்டது, கட்டு இன்னும் போடவில்லை. அந்த இடைவெளியில் அலையும் சில மூலக்கூறுகள் கையில் கிடைத்த எதையும் பற்றிக்கொள்ளும் குணமுடையவை. கல்லீரல் செல்லின் சொந்தப் புரதத்திலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரல் சில நாள்களில் அழிவது இந்த வழியில்தான். அவர்களிடம் குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகிறது.

குர்குமினிடம் கைப்பிடி பிறவியிலேயே இருக்கிறது. அதனால் அது நேராக இரண்டாம் கட்டத்துக்கே போகிறது. பைப்பரின் தடுப்பது அந்த இரண்டாம் கட்டத்தைத்தான், குளுக்குரோனிக் அமிலத்தைக் கட்டும் வேலையை. 'உட்கிரகிப்பு கூடுகிறது' என்று லேபிள் சொல்வதன் பாதிப் பொருள், வெளியேற்றும் கையைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதுதான். வேறு மருந்துகளும் அதே கையை நம்பியிருக்கும்போது விளைவு மஞ்சளோடு நின்றுவிடுவதில்லை.

ஆனாலும் அத்தை சாப்பிட்ட அதே சீசாவை ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டிருப்பார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அளவு மட்டுமே காரணமென்றால் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டுமே?

*

அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்ய மருத்துவமனைகள் சேர்ந்த ஒரு வலையமைப்பு உண்டு. டிலின் என்று அழைப்பார்கள். 2004இலிருந்து ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாக ஆராய்ந்து, நிபுணர்கள் கூடி வாதிட்டு, இந்தப் பாதிப்புக்கு இந்தப் பொருள்தான் காரணமா என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. 2022இல் அவர்கள் மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி எழுதினார்கள். பத்தில் ஆறு பேர் 2017 முதல் வந்தவர்கள். மூன்று பேரின் மாத்திரையில் மிளகுச் சத்தும் இருந்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்.

அந்தப் பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஒரே மரபணு அடையாளம் இருந்தது. அதன் பெயர் எச்.எல்.ஏ.-பி 35:01. எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் இருக்கும் காட்சிப் பலகைகள். செல்லுக்குள் உள்ள புரதங்களின் துணுக்குகளை அவை வெளியே தூக்கிக் காட்டும். ரோந்து வரும் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்துவிட்டு, நம்ம ஆள்தான் என்று நகர்ந்துவிடும். குர்குமின் போன்ற ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்ட துணுக்கை இந்தக் குறிப்பிட்ட வடிவப் பலகை தூக்கிக் காட்டும்போது, எதிர்ப்பு அணுக்களுக்கு அது அந்நியன்போலத் தெரிகிறது என்று கருதுகிறார்கள். பிறகு நடப்பது, உடல் தன் கல்லீரலையே எதிரியின் முகாம் என்று எண்ணித் தாக்குவது. அதனால்தான் முதல் நாளே எதுவும் தெரிவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதம் வரை ஆகிறது. எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு, பெருகி, படை திரட்டும் காலம் அது.

இதே மரபணு க்ரீன் டீ சாற்று மாத்திரையால் பாதிக்கப்பட்டவர்களிடமும் தென்பட்டது. டிலின் பதிவுகளில் அப்படிப்பட்டவர்களில் 72 சதவீதத்தினர் அதை வைத்திருந்தார்கள். பொதுமக்களிடம் அது 11 சதவீதம் அளவில்தான். ஒரு கோப்பை க்ரீன் டீயால் கல்லீரல் கெடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதன் வீரியப் பொருளான இ.ஜி.சி.ஜி.யை அடர்த்தியாக்கிக் கொடுத்தால் என்னவாகும் என்று மிக நேர்த்தியான ஒரு சோதனை காட்டியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, மாதவிடாய் நின்ற 1,075 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 843 மி.கி. இ.ஜி.சி.ஜி. கொண்ட மாத்திரை, மற்றதற்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்லீரல் நொதிகள் கவலைப்படும் அளவுக்கு உயர்ந்தது வெறும் மாத்திரைக் குழுவில் 0.7 சதவீதம் பேருக்கு. க்ரீன் டீ குழுவில் 5.1 சதவீதம் பேருக்கு. நல்ல உடல்நலத்தோடு, நல்ல நோக்கத்துக்காக முன்வந்த பெண்கள் அவர்கள். மாதாமாதம் இரத்தம் சோதித்ததால் உடனே தெரிந்தது, மாத்திரை நிறுத்தப்பட்டது. வீட்டில் சீசாவைத் திறக்கும் யாருக்கும் அந்த மாதாந்திரச் சோதனை கிடையாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இந்தச் சான்றுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வது தெளிவாகத் தெரிகிறது என்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கி, ஒரு நாளைய அளவு 800 மி.கி.யைத் தொடக்கூடாது என்று விதித்தது.

*

நம் நாட்டில் இதே கதை கொரோனா காலத்தில் சீந்தில் கொடியோடு வந்தது. அப்போது வீட்டுக்கு வீடு எதிர்ப்புச் சக்தி தேடினார்கள். கிலோய் என்ற வடநாட்டுப் பெயரில் சீந்தில் மாத்திரையாகவும் சாறாகவும் விற்றது. கொல்லையில் படர்ந்திருந்த கொடியை வெட்டிக் காய்ச்சிக் குடித்தவர்களும் உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பார்த்தார்கள். பிறகு நாட்டின் 13 மையங்கள் சேர்ந்து 43 பேரின் விவரங்களைத் தொகுத்தன. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை இடைநிலையாக 46 நாள். அவர்கள் சாப்பிட்டது சீந்திலே அல்ல, அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடி என்று மறுப்பு வந்தது. சிலரிடமிருந்து வாங்கிய மாதிரிகளைச் சோதித்ததில் சீந்தில்தான் என்று உறுதியானது.

இங்கே அழிவின் முகம் சற்று வேறு. பலரின் கல்லீரல் திசுவில், உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயின் அடையாளம் இருந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்பதுதானே சீந்திலின் புகழ்? ஒருவர் உடலில் அப்படியொரு நோய் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தால், தூண்டுகோல் அதையும் சேர்த்துத் தட்டி எழுப்பிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி என்பது கூடக்கூட நல்லது என்று நாம் வங்கிச் சேமிப்பைப்போல நினைக்கிறோம். உடலுக்குள் அது இரண்டு பக்கமும் கூர்மையான அரிவாள்.

அமுக்கராவைப் பற்றி 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து ஐந்து பேரின் கதையை வெளியிட்டார்கள். காமாலையும் தாங்க முடியாத அரிப்பும். நிறுத்திய சில மாதங்களில் ஐவரும் தேறினார்கள். கேரளத்து மருத்துவர்கள் முன்னின்று 2023இல் வெளியிட்ட இந்தியத் தொகுப்பு இன்னும் கவலைக்குரியது. அமுக்கரா மட்டுமே உள்ள மாத்திரை சாப்பிட்ட எட்டுப் பேரில், ஏற்கெனவே கல்லீரல் நோய் முற்றியிருந்த மூன்று பேர் இறந்தார்கள். நீரிழிவும் பருமனும் கொழுப்புக் கல்லீரலும் நிறைந்த நம் ஊரில், 'ஏற்கெனவே கல்லீரல் நோய்' என்பது பலருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாத ஒரு நிலை. என் அச்சமெல்லாம் அவர்களைக் குறித்துத்தான்.

உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்களின் பாதிப்பு தனி ரகம். டிலின் 2014இல் வெளியிட்ட கணக்கில், 839 நோயாளிகளில் 130 பேருக்குக் காரணம் சத்து மாத்திரைகளும் மூலிகைப் பொருள்களும். பத்தாண்டில் அவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்திருந்தது. அந்த 130இல் 45 பேர் தசை வளர்க்கும் பொருள் சாப்பிட்டவர்கள், எல்லோரும் ஆண்கள். இவர்களுக்குப் பித்தநீர் ஓடும் நுண்குழாய்கள் அடைபட்டதைப்போல் ஆகிவிடுகிறது. செயற்கை ஆண்மை ஹார்மோன் வகைப் பொருள்களின் தெளிவான கைரேகை அது. காமாலை இடைநிலையாக 91 நாள் நீடித்தது. இரவு முழுக்கச் சொறிந்து சொறிந்து தூக்கமில்லாமல் கழியும் மூன்று மாதங்கள். எவரும் சாகவில்லை. அந்த ஹார்மோன் பெயர் டப்பாவின் லேபிளில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

கல்லீரல் பாதிப்போடு தொடர்புடைய 272 பொருள்களை அதே வலையமைப்பு பின்னர் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது, ஏறக்குறையப் பாதியில் லேபிளும் உள்ளிருப்பும் பொருந்தவில்லை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைக் கேரள மருத்துவர்கள் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். 25இல் புரத அளவு பற்றிய தகவலே தவறு.

*

இவ்வளவு தளர்வு எப்படி வந்தது என்றால், சட்டம் அப்படி. அமெரிக்காவில் 1994இல் வந்த உணவுத் துணைப்பொருள் சட்டம் இவற்றை மருந்தாக வைக்காமல் உணவின் வகையில் வைத்தது. புதிய மருந்தொன்று சந்தைக்கு வர வேண்டுமானால் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று நிறுவனம் முதலில் நிரூபிக்க வேண்டும். சத்து மாத்திரைக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை. விற்பனைக்கு வந்த பிறகு, ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை அரசின் தலையில். ஹவாயில் அந்த மாத்திரையைச் சாப்பிட்ட 24 பேரின் கல்லீரல்தான் அந்த நிரூபணமாக அமைந்தது. இந்தியாவிலும் 2016 முதல் இவற்றுக்கான விதிகளை வகுத்தது உணவுப் பாதுகாப்பு ஆணையம்தான். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காக வாங்குபவர் கண்ணில் அந்தச் சின்ன எழுத்து படுவதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதும் எளிதில்லை. இந்தக் கல்லீரல் பாதிப்புக்கென்று தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. வைரஸ்கள், பித்தக்கல், மது, தன்னெதிர்ப்பு நோய், கொழுப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் நிற்பதை நாள்காட்டியோடு ஒப்பிட வேண்டும். எப்போது தொடங்கினார், எப்போது கண் மஞ்சளித்தது, நிறுத்தியபின் எத்தனை நாளில் இறங்கியது. நொதியின் அளவு இயல்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டி, கூடவே காமாலைக்கு மஞ்சள் நிறம் தரும் பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள். மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பில் அந்த நிலையை எட்டியவர்களில் பத்தில் ஒருவராவது உயிரிழக்கலாம் என்று ஹைமன் சிம்மர்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் பல்லாண்டு அனுபவத்தில் கண்டு சொன்னார். மருந்துத் துறையில் அதை 'ஹை விதி' என்றே அழைக்கிறார்கள்.

அத்தையின் பிலிருபின் 7ஐத் தொட்டிருந்தது. அந்த எண்களைப் பார்த்த நாளன்று இரவே கோவைக்கு அழைத்துப் போனோம். கல்லீரல் மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அத்தை ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் கவிழ்த்தபோது பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, அமெரிக்கச் சீசா, யாரோ கொடுத்த கால்சியம் மாத்திரை, சூரணப் பொட்டலம் இரண்டு, லேபிளே இல்லாத ஒரு தைலம், பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த எடை குறைப்புப் பொடி. அந்தப் பொடியை நாங்களே அன்றுதான் பார்த்தோம். மருத்துவர் ஒவ்வொன்றையும் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்பக்கம் படித்து, தேதி கேட்டு எழுதிக்கொண்டே போனார். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

சீசாவை நிறுத்திய முதல் வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 900. மூன்றாம் வாரம் 340. சிறுநீர் தெளிந்தது, பசி வந்தது. பதினோராவது வாரம் 38.

அன்று மதியம் அத்தை தானே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். பருப்பு கொதித்ததும் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தவர், கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"போடலாமா கண்ணு?"

"போடுங்க அத்தை."

பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சிட்டிகை எடுத்துப் பருப்பில் தூவினார்.